கோதுமைக்குக் கொடுத்த மாத்திரை

சங்கரேஸ்வரியைக் கோபக்காரி என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தென்காசியில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் முன் மேஜை அவளுடையது. தண்ணீர் குடிக்காமல் வந்து படுக்கிற பொம்பளைகளையும், கூட வந்துவிட்டு ஓயாமல் போனில் கத்துகிற ஆம்பளைகளையும் அவள் அதட்டாவிட்டால் அங்கே ஒரு வேலையும் நடக்காது. வாய்தான் அப்படி. வலியில் துடிக்கிற பெண்ணைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போகிறவளும் அவள்தான். மேலகரத்தில் எனக்கு அடுத்த வீடு. புருஷன் மணிமுத்து போலீஸ்காரர். ஒரே மகள் அபி, ஒன்பதாம் வகுப்பு.

அந்த வீட்டில் நாலாவது ஆள் கோதுமை. போன சீசனில் குற்றாலத்தில் ஒரு பழக்கடைத் தட்டுக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த பூனைக்குட்டி. நிறத்தைப் பார்த்து அபி வைத்த பெயர். தெருவில் நாய்த் தொல்லை என்பதால் அதை வாசல் தாண்ட விட்டதே இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பூனைக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

வைகாசியில் அது பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தது. பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி ஒரு கத்தல். சங்கரி உடனே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கருத்தடை ஆபரேஷனுக்குக் கேட்டாள். "இப்ப வேண்டாம்மா, கத்தல் அடங்கட்டும். ஆனி மாசம் கொண்டாங்க, பண்ணிரலாம்" என்றார் டாக்டரம்மா. அவளும் சரியென்று வந்துவிட்டாள்.

அதே சமயத்தில் ராயகிரியில் மணிமுத்து குடும்பத்துக் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மணிமுத்து காப்புக் கட்டியிருந்தார். வீட்டில் கவுச்சி கிடையாது, பூனைக்குக்கூடத் தயிர்ச்சோறுதான். சொந்தபந்தம் வந்து போகிற வீட்டில் இது இடைவிடாமல் கத்த, "காப்புக் கட்டுன வீட்டுல இது என்னலே சகுனம்?" என்று ஆளாளுக்கு முகம் சுளித்தார்கள். கொடைக்கு முந்தின நாள் கத்தல் நின்றுவிட்டது. "அம்மன் வாயைக் கட்டிட்டா" என்றார் மணிமுத்து. நாசமாய்ப் போக, நாங்களும் அதை நம்பினோம்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. ஆபரேஷனுக்கு நாள் நெருங்கும்போது கோதுமை சாப்பாட்டை நிறுத்தியது. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நக்கி நக்கிக் காலி பண்ணியது. பிறகு பாத்ரூமின் ஈரத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வரவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. "குட்டி போடப் போகுதோ?" என்றாள் அபி. வாசல் தாண்டாத பூனைக்கு எங்கிருந்து குட்டி வரும்? ஒரு காலையில் சங்கரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை.

"யக்கா, கோதுமைக்குப் பின்னாடி சீழா வடியுது. நாத்தம் தாங்கல. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. கூட வாங்க."

துணிக்கூடையில் அதைப் போட்டு மேலே துண்டை மூடி ஆட்டோ பிடித்தோம். சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வழியக் கூச்சல் போடுகிற ஆட்களை அருவிக்கு ஏற்றிப் போன வேன்கள் ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றன. சங்கரி தலையை வெளியே நீட்டி ஒரு டிரைவரைக் கிழிகிழியென்று கிழித்த பிறகுதான் வழி கிடைத்தது. மணிமுத்து பைக்கில் பின்னால் வந்தார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"இத்தனை சின்னப் பூனைக்கு இது வரக் கூடாதே. ஊசி, மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா" என்றாள் சங்கரி.

பின்னால் நின்ற மணிமுத்து தொண்டையைச் செருமினார். "வேற ஒண்ணுமில்ல மேடம். கொடை சமயத்துல கத்திக்கிட்டே கெடந்துது. நம்ம வீட்டுப் பொம்பளையாளுக போடுத நாள் தள்ளுத மாத்திரை இருந்துது. அதுல பாதியப் பொடிச்சுத் தினமும் தயிர்ல கலந்து வச்சேன். ஒண்ணும் பண்ணாது மேடம்."

அந்த மாத்திரை எனக்கும் தெரியும். கொடை வந்தால் எங்கள் பக்கத்தில் மெடிக்கலில் அதுதான் முதலில் தீரும். சாமி கும்பிடுகிற நாளில் பெண்களுக்கு மாதவிலக்கு வந்துவிடக் கூடாதாம். டாக்டர் சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை, ஆம்பளைகள் போய் வெற்றிலை வாங்குகிற மாதிரி வாங்கி வருவார்கள். சங்கரி கல்யாணம் ஆனதிலிருந்து வருஷம் தவறாமல் விழுங்குகிறாள். அதற்கப்புறம் அவள் தலைவலியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவள் நான். அதே மாத்திரையை ஒரு வாயில்லாத ஜீவனுக்குக் கொடுத்திருக்கிறான். இனி அந்த ஆளுக்கு என்னிடம் மரியாதை கிடையாது, அவன் என்றுதான் சொல்வேன்.

"மனுஷங்க மாத்திரையப் பூனைக்குக் குடுக்கச் சொன்னது யாரு?" டாக்டரம்மா சத்தம் போட்டார். "கர்ப்பப்பை முழுக்கச் சீழு. இப்பவே எடுத்தாகணும். பொழைக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "அது எப்படி மேடம்? அபிக்கும் இதே மாத்திரையத்தான் குடுத்தோம். அவ நல்லாத்தானே இருக்கா?" என்றான்.

சங்கரி மெல்லத் திரும்பினாள். அபி பெரியவளாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. கொடை முடிந்து வந்ததிலிருந்து பிள்ளைக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. பள்ளிக்கூடம் போகாமல் வெளிறிப்போய்க் கிடந்தாள். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் சங்கரி.

"அபிக்கா? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"எங்கம்மாதான் சொன்னா. மொத வருஷம் முளைப்பாரி எடுக்குத புள்ள. நடுவுல வந்துட்டா என்னட்டி பண்ணுவ?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

எனக்கே கை பரபரத்தது. ஆனால் சங்கரி கத்தவில்லை. கோதுமையை உள்ளே கொடுத்துவிட்டு வந்து, ஊசி போடக் கட்டியிருந்த ஆடுகளுக்குப் பக்கத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "யக்கா, நாளைக்கு நம்ம சென்டர்ல மொத ஆளா அபியப் படுக்க வைக்கணும்" என்றாள். "தெனமும் ஊரான் வீட்டுப் பொம்பளைகள என்ன மாத்திரை போட்டீங்கன்னு கேக்கேன். எம் பிள்ளையக் கேக்காம விட்டுட்டேனே." அப்புறம்தான் அழுதாள்.

கோதுமை பிழைத்தது. மயக்கம் முழுதாகத் தெளியாமல், நாக்கு வெளியே தொங்க, மழித்த வயிற்றில் தையலோடு வந்தது. இன்னும் ஆபத்து தாண்டவில்லை, கூடவே இருந்து பாருங்கள் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் சங்கரி அதை அபியின் மடியில் வைத்தாள். நேரே பீரோவைத் திறந்து துழாவி, மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டாள். இரண்டையும் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"போடுங்க."

"என்னது?"

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்கல்லா? ஒண்ணே ஒண்ணு என் கண்ணு முன்னால போடுங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆம்பளை நான் எதுக்குட்டி இதப் போடணும்?"

"கோதுமை எதுக்குப் போட்டுது? அதுவும் முளைப்பாரி எடுக்கப் போச்சா? போடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். என்னை எதற்குப் பார்க்கிறான்? "போடுங்க தம்பி, தண்ணிகூட மொண்டு வச்சிருக்கால்லா" என்றேன்.

அபி பூனையின் தலையைத் தடவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். "எனக்குத் தரும்போதும் ஒண்ணும் பண்ணாதுன்னுதானப்பா சொன்னீங்க?"

மணிமுத்து அட்டையை வாங்கினான். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"நல்லாப் பாத்துக்கட்டி அபி" என்றாள் சங்கரி. "தன் வாயில போடணும்னதும் உங்கப்பனுக்குப் பயம் வந்துட்டு."