எந்த நாட்டில் என்றைக்கு லீவு

அந்த நீள நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்திருந்தேன். நாடு, சம்பளம், விசா, குளிர், வார லீவு. என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதல் நாலு கட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவதில் விரலை வைத்துச் சிரித்தாள்.

“இன்னாங்க இது? ஒரு நாட்டுக்குப் போலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க யாராச்சும் லீவு என்னிக்கின்னு பாப்பாங்களா?”

“நான் பாப்பேன்” என்றேன். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. வந்த வேகத்தில் போயும்விடும். அது அவளுக்குத் தெரியும் என்பதால் சிரிப்பை நிறுத்தவில்லை.

கணியம்பாடியில் அவள் அம்மா வீட்டில் இருந்தோம். நான் டாக்காவிலிருந்து வந்திருந்தேன், அவள் அயர்லாந்திலிருந்து. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் இருபது நாள் லீவு கிடைத்திருந்தது. வந்த அன்றே, பெட்டியைக்கூடத் திறக்காமல் அவள் ஒன்று சொன்னாள். “இந்த லீவு முடியறதுக்குள்ள ஒரு நாட்ட முடிவு பண்ணணும். இன்னொரு வருஷம் இப்படியே போச்சுன்னா என்னால முடியாது.” அதனால்தான் நோட்டு, கோடு, கட்டம் எல்லாம்.

லீவுக் கட்டத்துக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் முதலாளிமார் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆகவே எங்களுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். எங்கள் வீடோ ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீடு. விடிகாலை ஆராதனைக்கு ஓடிப்போய், பிரசங்கம் முடிவதற்குள் பக்கவாசலில் நழுவி, எட்டு மணிச் சங்குக்குக் கேட்டுக்குள் நுழைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். போதகர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார், பாவம்.

கல்யாணமானபோது அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஆம்பூரிலிருந்து போய்வருவாள். யார் யாரிடமோ டூட்டி மாற்றி, கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிவிடுவாள். அவள் வீட்டில் இருக்கும் ஞாயிறு நான் டேனரியில் தோலுக்குச் சாயம் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வீட்டில் இருக்கும் வெள்ளி அவள் வார்டில் நிற்பாள். மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரு முழு நாள் சேர்ந்து இருந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளி அன்று மட்டும் இரண்டு பேருக்கும் லீவு வரும். அன்றைக்குப் பார்த்து மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை, உபவாசம் வேறு. ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் அவள். நடுவில் தூணு. என்னத்தைச் சொல்வது!

பிறகு ஆர்டர் குறைந்து, டேனரியில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். எனக்கு டாக்காவில் ஃபினிஷிங் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. தோல் பதமாகிக் காய்ந்த பிறகு அதற்கு நிறமும் மெருகும் ஏற்றி, செருப்புக்கும் பைக்கும் ஏற்றதாக்குகிற கடைசிக் கட்டம் அது. அங்கும் வெள்ளிதான் லீவு. எனக்கு ரொம்பச் சௌகரியம். ஆறு மாதத்தில் அவளுக்கு அயர்லாந்து வந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சமாளிச்சிடலாம் என்றுதான் இரண்டு பேரும் கிளம்பினோம்.

போன புதிதில் அவள் ஒரு வேலை செய்தாள். எனக்கு வெள்ளி லீவு என்பதால், வார்டு இன்சார்ஜ் அம்மாவிடம் தனக்கும் வாராவாரம் வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வேறு காரணம் எதுவும் எழுதவில்லை. அந்த அம்மா நல்ல மனுஷி. அடுத்த வாரமே இவளைக் கூப்பிட்டு, மாடியில் ஒரு சின்ன அறையைத் திறந்து காட்டி, வெள்ளிக்கிழமை வேலைக்கு வரவேண்டி வந்தால் இங்கே தொழுதுகொள்ளலாம் என்று ஒரு புதுப் பாயையும் கையில் கொடுத்திருக்கிறாள்.

“ஐயோ, நான் கிறிஸ்டியன் மேடம், வீட்டுக்காரர் டேனரின்னு சொல்றேன், அவங்களுக்கு ஒண்ணும் புரியல” என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலை விட்டுவிட்டு அவள் இதைக் கேட்டிருக்கிறாள் என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படி ஐந்து வருஷ வெள்ளிக்கிழமைகள். எனக்கு மத்தியானம், அவளுக்குக் காலை. அவள் போனை மசாலா டப்பா மேல் சாய்த்து வைப்பாள், நான் ஜன்னல் கட்டையில். அவள் குக்கர் விசில் என் அறையில் கேட்கும். குழம்பு வாசனைதான் வராது. நான் என்ன பேசினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அரிசி என்ன விலை, மழை ஜாஸ்தியா கம்மியா, மேனேஜர் பண்ணுகிற பேஜார், இவைதான். அவள் சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு இருப்பாள். “இன்னா?” என்பேன். “ஒண்ணுமில்ல” என்பாள். போனை வைத்ததும் அறை ஒரேயடியாக அமைதியாகிவிடும். வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தம் போட்டுக் கழுவுவேன். வார்த்தையாக ஒருநாளும் அதை அவளிடம் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் ஆம்பிளைகள் அதையெல்லாம் சொல்வதில்லை.

இப்போது நோட்டில் இருந்தவை மூன்று வரிகள். பங்களாதேஷ், போர்ச்சுகல், அயர்லாந்து. டாக்காவில் என் பதவி உயரும், அவள் வந்தால் வேலையில்லை. அதை முதல் நாளே அடித்துவிட்டோம். அவள் பென்சிலை வாங்கி நாலாவது வரியில் ‘வேலூர்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். உலகத்தில் அவள் வேலையும் என் வேலையும் ஒரே பஸ் ரூட்டில் இருந்த இடம் அது ஒன்றுதான். என் பழைய ஆம்பூர் மேனேஜருக்கு அப்போதே போன் போட்டேன். “நீ வந்தா எனக்குச் சந்தோஷம்தான்ப்பா. ஆனா ஃபினிஷிங்ல பாதி மெஷின மூடி வெச்சிருக்கோம். இருக்கிறவன எப்படி வெச்சிக்கிறதுன்னே தெரியல” என்றார். அவள் அந்த வரியையும் அடித்தாள்.

போர்ச்சுகல் எனக்கு வந்த அழைப்பு. சின்ன ஊர், பழைய டேனரி, நல்ல பெயர். இந்த லீவில்தான், இதே வீட்டில் கணினியில் நேர்காணல் நடந்தது; எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் என்னைக் குடைந்து எடுத்துவிட்டு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். சம்பளம், வீடு, ஒப்பந்தம் என்று எத்தனையோ கேட்டிருக்கலாம். நான், “வார லீவு எந்தக் கிழமை?” என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறு என்றார் ஒருவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. இரண்டு நாளா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அங்கே போனால் என் தொழில் எனக்கு இருக்கும். அவளுக்குத்தான் மறுபடி அ, ஆவிலிருந்து. பாஷை கற்று, பரீட்சை எழுதி, நர்ஸாகப் பதிய இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அயர்லாந்துக்கு நான் போனால் அவள் வேலை அப்படியே இருக்கும், என்னையும் வேலை பார்க்க விடுவார்கள். ஆனால் அவள் ஊர்ப்பக்கம் டேனரியே கிடையாது. தேடித்தேடி ஒன்று கண்டுபிடித்தேன். மாட்டிறைச்சி ஆலை ஒன்றில் உரித்த தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கும் வேலை. எங்கள் ஊரில் அதைத் தொழிலின் அடிமட்டம் என்பார்கள். என் அப்பா பச்சைத்தோல் கிடங்கில் உப்பு வாரிய கையோடுதான் என்னைப் படிக்க அனுப்பினார். உப்பில் வெடித்த அந்த விரல்களோடு, “நீ ஃபினிஷிங்குக்குப் போய்டு. இந்தப் பக்கமே வராத” என்று சொல்வார். நான் நோட்டில் அயர்லாந்துக்கு நேராக ‘உப்பு’ என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவளாகவே சொன்னாள். “நான் போர்ச்சுகலுக்கு வர்றேன். இன்னா, ரெண்டு வருஷம்தானே. பாஷை கத்துக்கிறேன்.” எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அதை மறைக்க, “உன் இஷ்டம்” என்று பெரிய மனுஷன்போலச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விசாவுக்குப் பழைய டேனரியிலிருந்து அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. புதன்கிழமை இருவரும் வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினோம். விரிஞ்சிபுரம் தாண்டியதும், முன்சீட்டில் செருப்புக் கம்பெனி அடையாள அட்டை மாட்டியிருந்த ஒரு அம்மா அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பஸ்ஸில் ஒரே கூச்சல். காத்து வுடு, தண்ணி தெளி என்று ஆளாளுக்கு ஒன்று. அதற்குள் என் மனைவி அங்கே இருந்தாள். எழுந்ததை நான் பார்க்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். நெற்றியைத் தொட்டாள். “அக்கா, இங்க பாருங்க. சக்கர இருக்கா உங்களுக்கு? காலைல ஊசி போட்டீங்களா? சாப்டீங்களா?” அந்த அம்மா தலையை லேசாக ஆட்டினார். ஊசி போட்டது உண்மை, சாப்பிடவில்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவர் அவசர அவசரமாக மக்கன் பேடா டப்பாவைத் திறந்து நீட்டினார். “பேடா வேணாண்ணா, தொண்டைல மாட்டிக்கும். ஜூஸ் யார் கிட்டயாச்சும் இருக்கா?” ஒரு மாம்பழ ஜூஸ் வந்தது. முழுங்க முடிகிறதா என்று ஒரு வாய் கொடுத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்கு வுடட்டுமா மேடம்?” என்றார். “ஓரமா நிறுத்துங்கண்ணா, பத்து நிமிஷம் பாக்கலாம். தெளியலன்னா போலாம்.” ஐம்பது பேர் இருந்த பஸ் அவள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றது. பத்து நிமிஷத்தில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார். பள்ளிகொண்டாவில் இறங்கி ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி, துணைக்கு ஒரு பெண்ணையும் சேர்த்து அனுப்பிவைத்தாள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் வேலை செய்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. அவ்வளவு தெளிவு, அவ்வளவு நிமிர்வு. கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போர்ச்சுகீஸ் பாடப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பாடம். என் பெயர் இது, நான் இந்த ஊர், எனக்குத் தண்ணீர் வேண்டும். உதடு மட்டும் அசைய, தப்புத் தப்பாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆம்பூரில் டேனரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் உள்ளே போகாமல் இரண்டாவது டீயும் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“போய் வாங்கிட்டு வாங்க. டைமாவுது.”

“வேணாம். நான் அயர்லாந்துக்கு வர்றேன்.”

“பைத்தியமா உங்களுக்கு? போய் உப்பு வாருவீங்களா? மாமா கேட்டா அழுவாரு.”

“அழட்டும். சொல்லிக்கலாம்.”

“பஸ்ல அந்தம்மாவப் பாத்துட்டுப் பேசுறீங்க. ரெண்டு வருஷம்தானே, நான் இருந்துடுவேன். உங்க வேலைய வுட்டுட்டு உங்களால இருக்க முடியாது. எனக்குத் தெரியும்.”

அவள் சொன்னது சத்தியம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டு திறந்து ஒரு வண்டி வெளியே வந்தது. மெருகு போட்ட தோலின் வாசனை எங்கள் மேல் அடித்துவிட்டுப் போனது. என் கண் தானாக வண்டியின் பின்னாலேயே போனதை அவள் பார்த்தாள்.

“பாத்தீங்களா” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் குரல் உயர்ந்துவிட்டது.

“ஆமா, முடியாதுதான். தெனம் நெனப்பேன், ஏங்குவேன். ஏங்கிட்டுப் போறேன். அத நெனச்சி ஏங்குனா நீ பக்கத்துல இருப்ப இல்ல? உன்ன நெனச்சி ஏங்குனப்பதான் யாருமே பக்கத்துல இல்ல. அஞ்சி வருஷம். என்னால இனிமே முடியாது.”

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் இரண்டும் இருந்தன.

“இத சொல்றதுக்கு அஞ்சி வருஷமா உங்களுக்கு?” என்றாள்.