ஒரு கை தூரம்

அந்த மழைக்காலத்தில் இரும்புலியூரில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கைக்குழந்தையாக இருந்த மகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மேடாக இருந்த ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வரை நடந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஏதாவது குழியில் கால் சறுக்கியிருந்தால் என்ற நினைப்பு அதன்பிறகு என்னை விடவேயில்லை. அவளுக்கு ஆறு வயதானதும் சேலையூரில் ஒரு நீச்சல் வகுப்பில் சேர்த்தேன்.

அங்கே கற்றுக்கொடுத்தவரைக் குழந்தைகள் 'மிஸ்' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சத்தம் போடாத பெண்மணி. தண்ணீரில் எப்போதும் குழந்தைகளிடமிருந்து ஒரு கை தூரத்தில் நிற்பார். அதைவிடக் கிட்டே வரவும் மாட்டார், தள்ளிப் போகவும் மாட்டார். நானோ கரையில் குந்தியிருந்து, மகள் மிதக்கத் தொடங்கியதுமே கையை நீட்டிவிடுவேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் மெல்லச் சொன்னார்: "சார், நீங்க கைய நீட்டுற வரைக்கும் அவ உங்க கைய பாத்துதான் வருவா. தண்ணிய கவனிக்கவே மாட்டா. நான் பக்கத்துலயேதான இருக்கேன்?"

மறுநாள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலைந்து அடி நீந்திய மகள் சட்டென்று மூழ்கினாள். பேன்ட், சட்டை, பையிலிருந்த செல்போன் எல்லாவற்றோடும் குதித்துவிட்டேன். தண்ணீர் என் இடுப்புக்குத்தான் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மகள் சொல்லிக்கொடுத்தபடியே மல்லாந்து திரும்பி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு மிதந்துகொண்டிருந்தாள். மிஸ்ஸின் கை அவள் முதுகுக்குக் கீழே, தொடாமல் நின்றது.

"அப்பா, நீ ஏன் சட்டையோட வந்த?" என்று கேட்டாள். நீச்சல்குளத்திலிருந்த அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "இறங்கிட்டீங்கல்ல சார், ஏறாதீங்க. நீங்களும் கத்துக்கோங்க" என்றார்.

செல்போன் அன்றோடு போயிற்று. நான் நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன்.

மிஸ் இப்போது கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். மகளுக்குப் பத்து வயது. பெரியவர்கள் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அவள் மீறியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக நீச்சல்குளத்தின் ஆழமான பக்கத்துக்குப் போனோம். ஏணியருகே நின்று, "கூட வாப்பா. ஆனா புடிக்காத" என்றாள்.

பக்கத்திலேயே நீந்தினேன். பாதியில் என்னை முந்திவிட்டாள். எவ்வளவு கைவீசி நீந்தியும் எட்ட முடியவில்லை. மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது, கரையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகக் காத்திருந்தாள்.