ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள்

சிலுவைமுத்துவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா தெரியாது. ராயபுரத்தில் டிபி நோயாளிகளின் வீடு வீடாகப் போய், மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்த்து அட்டையில் டிக் போடுவது என் வேலை. அவர் விஷயத்தில் நான் பார்க்கவில்லை, கேட்டேன். "போட்டுகினேன் மங்கைம்மா" என்றார். நம்பினேன்.

துறைமுகத்தில் கப்பல் மேல் கன்டெய்னர்களை வரிந்து கட்டும் வேலை அவருக்கு, இருபத்தெட்டு வருஷமாக. வம்புக்காரர். என் தலை தெரிந்தாலே போலீஸ் வந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி ஆலிஸக்காவும் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி, சாத்தினால் இவர் இருமல்.

நோய் என்று தெரிந்தபோது அவர் பயந்தது ஆலிஸக்காவுக்காகத்தான். மாத்திரை தொடங்கி இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் வந்தது. நோய் ஆலிஸுக்கு ஒட்டக் கூடாது, அதற்காக ஈஸ்டர் வரை தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். மத்தியானம் ஒருவேளைச் சோறு, அவ்வளவுதான். மாத்திரை வாயில் பட்டாலும் ஒருசந்தி முறிந்துவிடும் என்று அவராகவே முடிவு செய்தார். நோயாளிக்கு ஒருசந்தியே கிடையாது. சர்ச் சாமியாரைக் கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பார். கேட்டால் தப்பிக்கப் பார்ப்பதாக ஆகிவிடுமாம்! ஞாயிறு ஒருசந்தி இல்லை என்பதால் அன்று மட்டும் மாத்திரை போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஆகஸ்டில் இருமல் திரும்பியபோதுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். லேபில் இருக்கும் ஜீனத் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முதலில் எடுத்த சளியில் இருந்த கிருமி எல்லா மருந்துக்கும் செத்தது. இப்போது எடுத்ததில் இருப்பது முக்கியமான இரண்டு மருந்துக்குச் சாகவில்லை.

கிருமி மாத்திரைக்குப் பழகிவிட்டதா என்று அவர் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பழகவில்லை என்றேன். கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டு பிசகிப் பிறக்கும். அந்தப் பிசகு சில சமயம் ஒரு மருந்தைத் தாங்கும். தினமும் எல்லா மருந்தும் உள்ளே போனால் ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று கொல்லும். வாரத்தில் ஒருநாள் போனால் தாங்காதவை சாகும், தாங்குபவை அந்த இடத்தில் குடும்பம் நடத்தும். காசிமேட்டில் பார்த்ததில்லையா, வலைக்கண்ணில் நுழைந்து தப்புகிற மீன்தானே மறுபடி குஞ்சு பொரிக்கிறது? பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷத்துக் கதை என்றுதான் பள்ளியில் படித்தேன். இவர் நெஞ்சுக்குள் அது ஒரு தவக்காலத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் நடந்துவிட்டது.

அடுத்த மாதம் ஆலிஸக்கா இருமினார். வாழ்நாளில் ஒரு டிபி மாத்திரை விழுங்காதவர். ஆனாலும் அவர் சளியில் இருந்த கிருமியும் அதே இரண்டு மருந்துக்குச் சாகவில்லை, பிசகும் அச்சு அசலாக அதேதான். புருஷனின் நெஞ்சில் தப்பிப் பிழைத்ததன் வாரிசு அது, குணம் பிறப்பிலேயே வந்திருக்கிறது. ஜீனத் சொல்லி முடிப்பதற்குள் சிலுவைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. ஆலிஸிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என்னைக் கும்பிட்டார்.

புதிய மருந்துகள் அவருக்குக் கேட்டன. சர்க்கரையில் ஏற்கெனவே நொந்திருந்த ஆலிஸக்காவுக்குக் கேட்கவில்லை. அடுத்த சாம்பல் புதன் அன்று வார்டில் நானும் இருந்தேன். ஆலிஸக்கா மூச்சு வாங்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்:

"எனுக்காண்டி ஒருசந்தி இருய்யா."

அவரோ, வாங்கி வைத்திருந்த இட்லியை அக்காவின் கண்ணெதிரே தின்றார். பிறகு தன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். அழுகையை அடக்கிக்கொண்டு விழுங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் அவரிடம் பேசவே இல்லை. திங்கட்கிழமை இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லியிருந்தா, என்னால சாவுறோம்னு தெரிஞ்சிகினு செத்திருப்பா," என்றார். "இப்போ, தனுக்காண்டி ஒருநாளு பட்டினிகூட கெடக்காத புருசன்னு நென்ச்சிகினு பூட்டா."