தராசு சொல்லாத செய்தி

எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி, என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் காலையில் நடக்கத் தொடங்கினேன். சோற்றைக் குறைத்து, குரக்கன் புட்டும் சீனி போடாத தேநீருமாக மாதங்கள் போயின. தராசு முள் அசையவில்லை, மாதவிடாயும் வரவில்லை. கண்ணாடி முன் நின்று என் உடம்பைத் திட்டாத நாளில்லை.

அன்று விடியும்போது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. தண்டவாளத்தோரம் பாதித் தூக்கத்தில் மிதப்பவள்போல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த, அபாயா அணிந்த பெண் ஒருவர் என் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, பின்னுக்கு உடுப்புல பட்டிருக்கு. பயப்படாதீங்க, நான் ஒட்டினாப்போலயே வாறேன்."

எனக்குக் கண்ணீர் முட்டியது. அவர் என்னை மறைத்தபடியே நடந்தார். அலைச்சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. என் கால் நிலத்தில் படுவதாகவே தெரியவில்லை.

எங்கள் லேன் முனைக்கு வந்ததும், "இதுக்கெல்லாம் வெக்கப்பட்டு அழுறதா?" என்றார்.

"வெக்கத்தில அழேல்லை அக்கா. எனக்கு மாசக்கணக்கா வரேல்லை. நடை, சாப்பாடு எண்டு எவ்வளவோ பாடுபட்டனான். இண்டைக்குத்தான் வந்திருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்களை மூடி, மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நான் தினமும் திட்டிய உடம்புக்காக, யாரோ ஒருவர் தெருவில் நின்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.