பாப்பாவின் பால்

என் கழுத்தில் ஒரு சாவி தொங்குகிறது. ஜாசின் ஊரில் நான் வேலை செய்யும் சூப்பர்மார்க்கெட்டில், பணம் வாங்கும் முகப்புக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதன் சாவிதான் இது. உள்ளே பொன்னா வைரமா என்று கேட்காதீர்கள். குழந்தைகளுக்கான பால் மாவு டின்கள். திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டு. சாக்லேட்டும் ஷாம்பூவும் திறந்த தட்டில் கிடக்கின்றன. பிள்ளை குடிக்கிற பாலுக்குத்தான் காவல். ஒரு தாய் பால் மாவைத் திருடுகிற நிலைக்கு வந்துவிட்டாள் என்றால், பூட்ட வேண்டியது அலமாரியையா? என்னைக் கேட்டால் விலையை ஏற்றுகிற கையைப் பூட்டச் சொல்வேன். என்னை யாரும் கேட்பதில்லை.

விலை ஏறினால் ஏறியதாவது தெரியும். சில சமயம் விலை அப்படியே நிற்கும், டின் மட்டும் இளைத்துப் போயிருக்கும். மூடியில் மட்டும் மினுமினுப்பாக ‘புதிய தோற்றம்’ என்று போட்டிருப்பார்கள். அந்தத் தோற்றத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு விலைக் கழிவு உண்டு. சவர்க்காரத்துக்கு உண்டு, மீ நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு உண்டு, பால் மாவுக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டேன். “அதுல லாபம் கம்மி லா” என்றார் மேனேஜர். லாபம் கம்மியாம். அப்படியானால் அந்தக் காசு எல்லாம் எங்கே போகிறது?

வரிசையில் நிற்கிற சில ஆண்களின் வாய் வேறு. ஒருமுறை ஒரு பெண் விலையைக் கேட்டுவிட்டு டின்னைத் திருப்பிக் கொடுத்தபோது, பின்னால் நின்றவர், “அந்தக் காலத்துல எல்லாம் தாய்ப்பால்தான், இந்த டின்னெல்லாம் யாரு வாங்குனா?” என்றார். அவர் கையில் சிகரெட் பெட்டி இருந்தது. அந்தப் பெண்ணின் உடம்பில் ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலைச் சீருடை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறவளுக்குப் பால் எங்கிருந்து சுரக்கும்? நான் அவருக்கு மீதிக் காசைச் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

என் தங்கையும் அப்படிப்பட்ட தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். அவளுக்கு இரண்டு வயது தாண்டிய ஒரே பெண். நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். சில மாதங்களுக்கு முன்னால் தங்கை என் கடைக்கு வந்தாள். நான் சாவியைப் போட்டுத் திறந்து பாப்பா வழக்கமாகக் குடிக்கும் டின்னை எடுத்தேன். அவள் விலை ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். “அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்க்கா, வீட்ல இன்னும் இருக்கு” என்றாள். அடுத்த மாதமும் வரவில்லை. விசாரித்தேன். “வேலைக்குப் போற வழியில, டுரியான் துங்கால்லயே மலிவா கெடைக்குதுக்கா, அங்கயே வாங்கிக்கிறேன்” என்றாள். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வீடு மாறினார்கள். தங்கையின் கணவர் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். முதுகு விட்டுப்போனதும் வேலையை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். டுரியான் துங்காலில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. குடிபோகும் நாளன்று காலையில் பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது கூடத்தில் சாமிப் படம் வைத்து, விளக்கேற்றி, புது அடுப்புக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். தங்கையின் மாமியார் முதல் நாள் மாலையே ஜாசினில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு போத்தல் பசும்பால் வாங்கி வந்திருந்தார். முன்பெல்லாம் இதற்காக அலைய வேண்டியதில்லை. தோட்டத்திலேயே மாடுகள் இருந்தன. செம்பனைக் கன்றுச் செடியைத் தின்கிறது என்று சொல்லி நிர்வாகம் எல்லா மாட்டையும் விற்க வைத்தது. இப்போது ஒரு போத்தல் கறந்த பாலுக்கு ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது. அப்படிச் சுற்றி வாங்கிய பாலை இரவு பூராவும் வெளியிலேயே வைத்துவிட்டார்கள். குளிர்பெட்டி இன்னும் லாரியில் இருந்து இறங்கவில்லை. அடுப்பில் ஏற்றியதும் பால் திரிந்து போனது.

“நல்ல நேரம் போவுது. வேற பாலு இல்லையா வீட்ல?” என்றார் மாமியார்.

“இருக்கு அத்த. பாப்பா பாலு இருக்கு” என்றாள் தங்கை.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. “அப்புறம் என்னா? பச்சப்புள்ள குடிக்கிற பாலு. அது பொங்குனா இன்னும் விசேசம்.”

தங்கை சமையலறைக்குள் போய்க் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுப் பானையில் ஊற்றி ஏற்றினாள். எல்லோரும் சுற்றி நின்றோம். பொங்கும்போது எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க மாமியார் குனிந்துகொண்டார். ஓரத்தில் கொஞ்சம் நுரை வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. தீயைக் கூட்டினாள். குமிழ் வெடித்தது, ஆவி வந்தது, பால் மட்டும் எழும்பவே இல்லை. பானையின் அடியிலிருந்து சீனி கருகுகிற வாசம் வந்தது. எந்த வீட்டிலும் பால் காய்ச்சும்போது அந்த வாசம் வந்து நான் பார்த்ததில்லை.

“என்னா இது, புது வீட்ல பொங்க மாட்டேங்குது” என்று மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். திறந்த டின் ஒன்று மேசை மேல் இருந்தது. அதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த டின்னை நான் இயந்திரத்தில் காட்டுகிறேன்.

“இதத்தான் பாப்பாவுக்குக் குடுக்கிறியா?”

“ஆமாக்கா. பாலுதானே?”

“இது பாலு இல்லடி. கிரீமரு. தேத்தண்ணிக்கு ஊத்துறது.”

அவளுக்குப் புரியவில்லை. “என்னாக்கா சொல்ற? கடையில சூசுன்னு போர்டு போட்ட எடத்துலதான் எடுத்தேன். எல்லாரும் பால் டின்னுன்னுதானே சொல்றாங்க? கிளினிக்ல நர்சு மிசி கேட்டாங்க, புள்ள சூசு குடிக்குதான்னு. நாளைக்கு மூணு தடவ குடிக்குதுன்னு சொன்னேன். நல்லதுன்னு எழுதிக்கிட்டாங்க.”

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மலாய்க்காரர் கேட்டாலும் சூசு, எங்கள் வீட்டில் கேட்டாலும் பால். என் கடையிலும் அதே பலகைக்குக் கீழேதான் அந்த டின்கள் அடுக்கியிருக்கின்றன. பசும்பால் பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு. காசு இல்லாதவள் கை எந்தப் பக்கம் போகும் என்று அடுக்கச் சொன்னவனுக்குத் தெரியாதா? குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டின்னில் எழுதித்தான் இருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மடிப்புக்குப் பக்கத்தில். ‘சுவை மிகுந்தது’ என்பதை மட்டும் என் கட்டைவிரல் தடிமனில் எழுதத் தெரிந்திருக்கிறது.

தங்கையின் கணவர் டின்னை என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சீனி. மின்யாக் சாவிட். அங்கேயே நிறுத்திவிட்டார். மின்யாக் சாவிட் என்றால் செம்பனை எண்ணெய், பாமாயில். அதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் முதுகு போனதே அந்தக் குலையை வெட்டித்தான்.

“நான் வெட்டிப் போட்ட குலையத்தான் எம்மவ குடிச்சிருக்காளா?” என்றார்.

பிறகு மாமியார் தங்கையைப் பார்த்து, “படிச்ச புள்ளதானே நீ? பாத்து வாங்க வேணாமா?” என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தை அடக்க நான் முயலவும் இல்லை.

“அவளத் திட்டாதீங்க அத்த. அவ என்னா சாராயமா வாங்கிக் குடுத்தா? புள்ளைக்குப் பாலு வேணும்னுதானே வாங்கினா? பால் மாவு விக்கிற வெலைக்கு வீட்டு வாடகைய யாரு கட்டுறது? சும்மா கெடக்கட்டும்னு பச்சத் தண்ணி குடுத்திருந்தா நீங்க இப்ப கேக்குற கேள்வியக் கேளுங்க.”

பாவம், அவரைச் சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது? யாரைச் சத்தம் போட வேண்டுமோ அவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அடுத்த டின்னை இன்னும் எவ்வளவு இளைக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கோபம் அவர்கள் வாசல் வரைக்கும் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றி, ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. பாப்பாவின் எடை ஏறவில்லை என்று கிளினிக்கில் சொன்னபோதும், “நீ சரியா ஊட்டுறதில்ல” என்றுதான் அவளிடம் சொன்னோம். அந்த ‘சொன்னோம்’ என்பதில் நானும் உண்டு.

தங்கையின் கணவர் டின்னைக் கொல்லைப்புறக் குப்பைப் பையில் வீசிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பெட்டி பசும்பால் இருந்தது. ஒன்றுதான். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. பானையைத் தேய்த்துக் கழுவி மறுபடியும் ஏற்றினாள் தங்கை. இந்தத் தடவை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பால் தானாகவே ஏடு கட்டியது, விளிம்பு வரை சரசரவென்று எழுந்தது. பொங்கி வழிய வேண்டும், அடுப்பெல்லாம் ஓட வேண்டும், அதுதான் வழக்கம். வழிகிற அந்த நொடியில் மாமியாரின் கை நீண்டு அடுப்பை அணைத்தது.

“பொங்கியாச்சி. போதும். கீழ ஊத்த வேணாம், புள்ளைக்குக் குடு” என்றார்.

அந்த மனுஷியை அதுவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது.

தங்கை பாலை ஆற்றினாள். பாப்பாவின் சின்னக் குவளையில் ஊற்றி, மடியில் உட்கார வைத்துக் கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாப்பா ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். வாயில் இருந்ததை அப்படியே தாடையில் வழிய விட்டுவிட்டுக் குவளையைத் தள்ளினாள்.

“இது வேணாம். பாலு வேணும்.”

“இதுதான்டா பாலு” என்றாள் தங்கை.

பாப்பா மடியிலிருந்து இறங்கி, குடுகுடுவென்று கொல்லைப்புறக் கதவுக்கு ஓடினாள். குப்பைப் பையைக் காட்டி, “அதான் பாலு” என்றாள். எங்களுக்குத்தான் தெரியவில்லை என்பது போல எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

தங்கை எழுந்து சீனி டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். பாப்பா நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். தங்கை இன்னொரு கரண்டி போட்டாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.