குமராட்சிக்கு இயல்பான மழை

யாரோ கணித்ததைத் தன் கையெழுத்தில் எழுதிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். வானிலைத் துண்டறிக்கை எழுதுவதும் அப்படிப்பட்ட பிழைப்புதான்.

ஊர்வாரியாக

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் சிதம்பரத்தில் ஒரு விவசாயத் தகவல் மையத்தில் இருந்தேன். புரட்டாசி பிறந்தால் தென்மாநிலங்கள் முழுமைக்குமான வடகிழக்குப் பருவமழைக் கணிப்பு வரும். அதைக் கடலூர் மாவட்டத்து ஊர்களுக்குப் பிரித்து எழுதுவது என் வேலை. பிரிப்பதாவது! 'இயல்பை ஒட்டிய மழை' என்ற ஒரே வரியை, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அடிப்பேன். எதிர் மேசை ஆரோக்கியசாமி இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா மாமா, மேகம் நெல்லிக்குப்பத்துல டீ குடிச்சிட்டு அப்படியே குமராட்சிக்கு மினி பஸ் ஏறுதா?"

ஒரு கேள்வி

அந்த வாரமே குமராட்சியிலிருந்து அஞ்சலை வந்தார். குத்தகைக்குப் பயிர் வைப்பவர். "எங்களுது பள்ளத்து நெலம் சார். நாத்து இன்னும் குட்டை. பெருமழை வந்தா முழுகி அழுவிடும். ஆனா நடவு ஆளு இப்பதான் கெடைக்குது. நடலாமா, பத்து நாள் வளர வுடலாமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டறிக்கையை நீட்டி, "இயல்பான மழைதான், நடுங்க" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"மாப்ள வேணாம்னுதான் சொன்னாரு, படிச்சவங்கள ஒரு வார்த்த கேட்டுடலாம்னு நான்தான் வந்தேன்."

சேதக் கணக்கெடுப்பு

ஐப்பசியில் ஒரே வாரம் கொட்டித் தீர்த்தது. சேதம் பார்க்க என்னையே அனுப்பினார்கள். வரப்பு எதுவென்று தெரியாத தண்ணீர். அழுகிய நாற்று நாற்றமெடுத்தது. அஞ்சலையின் மருமகன் நான் யாரென்று ஊகித்து, "அத்த, இவருதான நடச் சொன்னாரு? எறங்கிப் பாக்கச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்தார். இறங்கியிருக்கலாம். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை குறுக்கே வந்தார்.

"வுடுங்க மாப்ள, அவரு ஆபீசுல உக்காந்து எழுதறவரு, நம்ம பள்ளம் அவருக்கு எப்படித் தெரியும்?"

அதன்பின் மார்கழி வரை சொட்டு மழை இல்லை, மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் இயல்பை ஒட்டியே வந்தது, ஆகவே ஆண்டறிக்கையில் 'கணிப்பு சரி' என்று ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.