மண்ணைப் படித்த பிள்ளை

ஜெர்மனியில், எசனிலிருந்து ஹனோவர் போகும் ரயிலில் அந்த அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நரைத்த கொண்டை, கழுத்தில் சிறிய சிலுவை. ஆரஞ்சை உரித்து, தனக்கொரு சுளை, எனக்கொரு சுளை என்று கேட்காமலே வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன படிக்கிறீங்கள், பிள்ளை?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யாராவது இப்படிக் கேட்டால் நீளமாகவே சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்லோவாக்கிய நிலவியல் அறிஞர் ஒருவர், நிலக்கரிச் சுரங்கக் கற்களில் பதிந்திருந்த பெரணி இலைகளை இனம் பிரித்தவர், வியன்னாவில் வேலை பார்த்து அங்கேயே இறந்தவர். அவரைப் பற்றி அன்று மாலை ஹனோவரில் பேசப் போவதாகச் சொன்னேன்.

"ஊருக்குக் கொண்டு போனவையோ?"

"எதைக்கா?"

"அவரைத்தான்."

"தெரியலையேக்கா."

"இவ்வளவு படிச்சுப்போட்டு இதைப் பாக்கேல்லையோ?" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்கடை மனுசனை எசனிலதான் அடக்கம் செய்தனாங்கள். இங்க கல்லறையைக் கொஞ்ச வருசத்துக்குத்தான் குடுப்பினம், அந்தத் தவணை முடியுதாம். நீடிக்கிறதோ, எலும்பை எடுத்து மன்னாருக்குக் கொண்டு போறதோ எண்டு ஹனோவரில இருக்கிற மகனோட கதைக்கப் போறன். நீங்கள் மண்ணைப் படிச்சனீங்கள். இருபது வருசத்தில எலும்பு மிஞ்சுமோ, பிள்ளை?"

"அது மண்ணைப் பொறுத்ததுக்கா."

"எசன் மண் எப்பிடி?"

அந்த மண்ணுக்கு வெகு ஆழத்தில், நிலக்கரிப் பாறைகளில், கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் கிடக்கும் இலைகளை எனக்குத் தெரியும். ஆறடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசிச் சுளையையும் அவர் என் பக்கமே வைத்தார்.

மாலையில் திரையில் அறிஞரின் படம் வந்தது. சொந்த ஊர்க்காரரைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவரை எந்த ஊர் மண்ணில் வைத்தார்கள்?